பாட்டம் முப்பத்திரண்டு

யாராவது புதுப் பேன்ட் போட்டுக்கொண்டு நீலமேகத்தின் கண்ணில் பட்டால் ராஜாத்தி அந்த இடத்தை விட்டு நகரப் பார்ப்பாள். புருஷன் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"இதெல்லாம் ஒரு பேன்ட்டாடா? எங்கையில ஒன்னு இருந்திச்சி. ஒயின் கலரு. பாட்டம் முப்பத்திரெண்டு இஞ்சி. நடந்தா தெருவையே பெருக்கும். நா தூங்கசொல்லோ அத்த ஒரு பேமானி வெட்டிட்டான்."

அந்தப் பேமானி, ராஜாத்தியின் கூடப்பிறந்த அண்ணன் அன்பரசன். நாற்பத்து மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. சாவு வீட்டில்கூட ஒருத்தர் பந்தலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் இன்னொருத்தர் அந்தப் பக்கம் போய் உட்காருவார். இத்தனைக்கும் பேன்ட்டை வெட்டியது அன்பரசன் இல்லை, ராஜாத்தி. இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று, அவளுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த அண்ணன்.

இத்தனை காலம் எப்படியோ ஓட்டிவிட்டாள். இனிமேல் ஓட்ட முடியாது. மகிழினிக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. புத்தர் படத்துக்கு முன்னால் பஞ்சசீலம் சொல்லி நடக்கிற கல்யாணம். ஐயர் கிடையாது, நல்ல நேரம், கெட்ட நேரம் கிடையாது. ஆனால் தாய்மாமன் உண்டு. ரிசப்ஷனில் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மேடை ஏற்றிவிடுவது அவர்தான். வியாசர்பாடியில் எதை விட்டாலும் இதை விடமாட்டார்கள். அண்ணன் இல்லாமல் தன் பெண் அந்த மேடையில் ஏறினால், தன்னால் தலை நிமிர்ந்து நிற்க முடியாது என்று ராஜாத்திக்குத் தோன்றியது. செய்த தப்பு அவளுடையது அல்லவா.

எர்ணாவூரில் இருக்கும் அன்பரசனிடம் அவள் போய்க் கேட்டாயிற்று. அவரும் கறாராகச் சொல்லிவிட்டார். "மாப்ள வந்து கூப்ட்டா வரேன். யூனிபார்ம் துணி அவன் கையால குடுக்கணும். நீ எட்தாந்து குடுக்கிற வேலையெல்லாம் வோணாம்."

யூனிபார்ம் என்றால் பள்ளிக்கூடத்துச் சமாசாரம் இல்லை. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் வீட்டு ஆம்பிளைகள் எல்லாருக்கும் ஒரே துணி, பொம்பிளைகள் எல்லாருக்கும் ஒரே சேலை எடுத்துக் கொடுப்பார்கள். அந்தத் துணி கிடைத்தவர் சொந்தம். கிடைக்காதவர் வந்து மொய் எழுதிச் சாப்பிட்டுப் போகிற விருந்தாளி. வருஷக்கணக்காகப் பேசாமல் கிடந்த பங்காளிகள்கூட, "எனுக்குத் துணி வந்துட்சா" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

இந்த வருஷம் பார்த்து மகிழினிக்கு டிஸ்கோ பித்துப் பிடித்தது. பீரோவைக் குடைந்தபோது அப்பா அம்மாவின் ராயபுரம் ஸ்டூடியோ போட்டோ அவள் கையில் சிக்கியதுதான் காரணம். நீலமேகம் காதை மூடுகிற முடி, கன்னத்தில் பாதி தூரம் இறங்கிய கிருதா, தோள் வரைக்கும் படுத்திருக்கிற காலர், இடுப்பில் தட்டு அளவு பக்கிள் என்று நிற்கிறார். பக்கத்தில் ராஜாத்தி: ஸ்டெப் கட்டிங், புஸ்ஸென்று ஊதின பஃப் கை, உள்ளங்கை அகலத்துக்குக் காதுவளையம், ஜிகினா வைத்த நைலான் சேலை, அரையடி உயரச் செருப்பு.

"ம்மா, நீயா இது? செம சோக்கா கீறியே," என்று போட்டோவை விடவே இல்லை மகிழினி. ரிசப்ஷனுக்கு எல்லாரும் இப்படித்தான் வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஆம்பிளைகளுக்கு ஒயின் கலர் பெல்பாட்டம், பொம்பிளைகளுக்கு ஜிகினா சேலை. நீலமேகத்துக்கு அன்றைக்கு ராத்திரி சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ராஜாத்திக்கும் இறங்கவில்லை. அவளுக்கு வேறு காரணம்.

எண்பத்திரண்டில் ஊரெல்லாம் பேன்ட் சுருங்க ஆரம்பித்திருந்தது. நீலமேகம் மட்டும் விரித்துக்கொண்டே போனார். அடிப்பக்கம் தரையில் தேய்ந்து நூல் பிரியாமல் இருக்க எல்லாரும் பெல்பாட்டத்தின் விளிம்பில் பித்தளை ஜிப் வைத்துத் தைப்பார்கள். அவரும் வைத்தார். ஆனால் ராயபுரம் கடற்காற்றுக்கு அந்த அகலப் பேன்ட் பாவாடை மாதிரி தூக்கிக்கொண்டது. மனுஷன் யோசித்தார். காசிமேட்டுக்குப் போய், மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு பன்னிரண்டு வாங்கி வந்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, காலுக்கு ஆறாக விளிம்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தக் காற்றுக்கும் பேன்ட் அசையவில்லை. நடக்கும்போது தரையில் டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். ராஜாத்தி முதலில் டாவு கட்டியது அந்தச் சத்தத்தைத்தான். ஆள் யாரென்று அப்புறம்தான் பார்த்தாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தெருவில் முதன்முதலாக முடியை வெட்டிக்கொண்ட பெண் அவள். அரையடிச் செருப்பில் அவளும், ஈயக்குண்டுப் பேன்ட்டில் அவரும் கடற்கரைப் பக்கம் நடந்து போனால் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே வரும். தெரு சிரித்தது, இரண்டு வீட்டிலும் சண்டை நடந்தது, கடைசியில் கல்யாணமும் நடந்தது.

நீலமேகத்துக்குத் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஒரே மோட்டாரில் பத்து மிஷின் ஓடும், எல்லாம் பெல்ட் போட்டு. கல்யாணமான நாலாம் மாசம், அங்கே பக்கத்து மிஷின்காரனின் பெல்பாட்டம் பெல்ட்டுக்குள் மாட்டி இழுத்துவிட்டது. காலில் மூன்று விரல் போயிற்று. ராஜாத்தி அன்றையிலிருந்து தூங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ராயபுரத்தில் டிஸ்கோ டான்ஸ் போட்டி. அரைநாள் வேலை முடித்து நேராகப் போட்டிக்குப் போக, ஒயின் கலர் பேன்ட்டிலேயே வேலைக்குப் போவேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"வேற பேன்ட் போட்டுகினு போய்யா. இத்த பையில எட்துகினு போ," என்று கெஞ்சினாள்.

"பையில வெச்சா கசங்கும்மே," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து அவர் தூங்கும்போது அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். முதலில் விளிம்பை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் பார்த்தாள். பித்தளை ஜிப்பில் மாட்டிக் கத்தரியின் மூக்கு உடைந்தது. அப்புறம் முட்டிக்குக் கீழே வைத்து ஒரே ஓட்டமாக வெட்டிவிட்டாள். வெட்டும்போது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் அந்தப் பேன்ட் என்றால் உயிர்.

எழுந்து பார்த்த நீலமேகம் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "எவன் வெட்னானோ அவன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். எங்காத்தாவா இருந்தாலும் சரி, எம் பொண்டாட்டியா இருந்தாலும் சரி." ராஜாத்தி வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் நின்ற அன்பரசன், தங்கச்சி முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "நாந்தான் வெட்னேன். இன்னா இப்போ?" என்றார். அவர்தான் ஊரறிய அந்தப் பேன்ட்டைக் கேலி பண்ணிக்கொண்டு, ஒரு நாள் வெட்டுகிறேன் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். எல்லாரும் நம்பினார்கள்.

வெட்டின துண்டு இரண்டையும் ராஜாத்தி அண்ணன் வீட்டில் கொண்டுபோய் ஒளித்தாள். "ஒரு வாரத்துல ஆறிடுவான். அதுவரிக்கும் நீ வாய மூடிகினு இரு," என்றார் அன்பரசன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. நீலமேகம் அன்றைக்குப் போட்டிக்குப் போகவில்லை. அதற்கப்புறம் எந்த மேடையிலும் ஆடவும் இல்லை.

வண்ணாரப்பேட்டையில் எபினேசரின் துணிக்கடையில் ஒயின் கலர்த் துணியை மேஜை மேல் விரித்துப் போட்டதும் நீலமேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எபினேசர் தெற்கத்திக்காரர். இந்தத் தெருவில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறவர்.

"எத்தனை பேருக்கு வெட்டணும், அண்ணே?"

"பதினோரு பேரு, அண்ணாச்சி. பேன்ட்டுன்னா உங்களுக்கு ஒன்னு சொல்றேன். எங்கையில ஒன்னு இருந்திச்சி, இதே கலரு..."

ராஜாத்தி எபினேசரின் கையிலிருந்த பெரிய கத்தரிக்கோலைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்த விஷயம். இன்றைக்குத் துணி பதினொன்றாக வெட்டப்பட்டால் முடிந்தது, அப்புறம் யாருக்கு யார் என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

"பன்னெண்டா வெட்டுங்க, அண்ணாச்சி," என்றாள்.

நீலமேகம் திரும்பினார். "பன்னெண்டாவது ஆரு?"

"எங்கண்ணன்."

"எம் பேன்ட்ட வெட்னவனுக்கு நா பேன்ட் தெச்சிக் குடுக்கணுமா? நல்லா கீதே கத."

"அவரு வெட்ல. நாந்தான் வெட்னேன்."

அவர் முதலில் சிரித்தார். "அண்ணனுக்காண்டி பேசாத, ராஜி. பொய் சொன்னா உனுக்குக் காது செவந்துரும்."

"செவந்துகீதா பாரு," என்றாள் அவள். "வூட்ல பால் பாக்கெட் வெட்ற கத்திரி மூக்கொடஞ்சி கெடக்குதே, அது எப்பிடி ஒடஞ்சிச்சின்னு என்னிக்காவது கேட்டியா? உன் ஜிப்புல மாட்டிதான் ஒடஞ்சிச்சி. மிஷின்ல நீ போயிருவேன்னு பயந்து வெட்னேன்யா. நீ கத்தின கத்துல சொல்ல வாய் வர்ல. அண்ணன் முந்திகினாரு."

நீலமேகம் அவள் காதைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த துணி மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார். எபினேசருக்குத்தான் பாவம், கையில் கத்தரியை விரித்தபடியே நிற்க வேண்டியதாயிற்று.

"அக்கா, இப்ப நான் துணிய வெட்டட்டா, வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நீலமேகம் எழுந்து தெருவில் இறங்கி நடந்தார். ராஜாத்தி பன்னிரண்டு பேருக்கும் வெட்டி வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்கினாள். ஆனது ஆகட்டும் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது அவளுக்கு.

இரண்டு நாள் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். போட்டதைச் சாப்பிட்டார், கேட்டதற்கு ம் கொட்டினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் டீ கிளாஸை வாங்கும்போது தானாகவே பேசினார்.

"சொல்லியிருந்தா ரெண்டு நாளு கத்திட்டு வுட்டுருப்பேன்மே."

"இப்போ தெரியுது. அப்போ உன்னிய கட்டி நாலு மாசந்தான் ஆவுது. எனுக்கு இன்னா தெரியும்?"

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். "பேன்ட் போனா போவுது. ஒரு நல்ல மன்சன ஊரெல்லாம் பேமானி பேமானின்னு சொல்லிகினு திரிஞ்சிகீறேன். எந்த மூஞ்ச வெச்சிகினு அவன் வூட்டு வாசல்ல போய் நிப்பேன்?"

கோபம் தன் மேல் இல்லை, அவருக்கு அவர் மேலேயேதான் என்று தெரிந்ததும் ராஜாத்திக்கு உயிர் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "இந்த மூஞ்ச வெச்சிகினே போலாம். நானும் வரேன். சட்டைய மாட்டு," என்றாள்.

எர்ணாவூர்க் குடியிருப்பில் அன்பரசன் தரைத்தள வீட்டு வாசலில் குந்தியபடி வீச்சுவலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணூர் முகத்துவாரத்தில் காலை நேரத்தில் போய் வலை வீசுவது அவருக்குப் பழக்கம். பொங்கலுக்குப் பொங்கல் ராஜாத்தி அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கை நிறைய மடவை மீன் வரும். நீலமேகம் எங்கே வாங்கினாய் என்று கேட்கமாட்டார், முள்ளை மட்டும் மிச்சம் வைப்பார்.

இரண்டு கிழவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நீலமேகம் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பார்வை கீழே போயிற்று, வலையின் ஓரத்தில் போய் நின்றது. அங்கே மற்ற குண்டுகளுக்கு நடுவே, சுத்தியலால் தட்டின சில குண்டுகள் தட்டை தட்டையாகத் தொங்கின.

"இது..." என்றார் நீலமேகம்.

"உன்துதான். பன்னெண்டும் கீது, எண்ணிக்க."

நீலமேகம் ராஜாத்தியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். "அப்போ என் குண்டுல புட்ச்ச மீன நானே துன்னுகினு, உன்னியே திட்டிகினு இருந்துகீறேன்."

"திட்னது இங்க வரிக்கும் கேட்டுச்சி, மாப்ள."

முதலில் சிரித்தது அன்பரசன்தான். நீலமேகமும் சிரிக்கப் போனார், அது பாதியில் அழுகையாகிவிட்டது. பையை அவர் கையில் திணித்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "எம் பொண்ண நீதான் மேடைல ஏத்தணும், மச்சான்," என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். அன்பரசன் வலையிலிருந்து தட்டைக் குண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். ஆறை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ஆறைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மண்டபத்தில் பன்னிரண்டு ஒயின் கலர் பேன்ட்டுகள் நடமாடின. காலர்கள் தோளைத் தொட்டன. மகிழினி வெள்ளி ஜிகினாவில் தலை முதல் கால் வரை மின்னினாள். ராஜாத்தி அந்தப் பழைய காதுவளையத்தைத் தேடி எடுத்து மாட்டியிருந்தாள். அறுபத்து மூன்று வயசில் இது என்ன கூத்து என்று இரண்டு பேர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவள் வளையத்தை இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். பூச்சரம் நறுக்குவதற்கென்று வீட்டுக் கத்தரிக்கோலைப் பையில் எடுத்து வந்திருந்தாள்.

டக் டக்கென்று சத்தம் கேட்டது. காலுக்கு மூன்று குண்டு வைத்துத் தைத்த நீலமேகத்தின் பேன்ட் ஒரு பக்கம், அன்பரசனின் பேன்ட் இன்னொரு பக்கம். ராஜாத்தி கண்ணை மூடி ஒரு நிமிஷம் அதைக் கேட்டாள்.

அன்பரசன் மகிழினிக்கு மாலையைப் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அளவு எடுத்த அன்று அவர் உயர ஷூ போட்டிருந்தார். இன்றைக்கு அது காலைக் கடிக்கிறது என்று கழற்றிவிட்டு வெறும் செருப்பில் வந்திருந்தார். பேன்ட் மூன்று விரல் நீளம் தரையில் புரண்டது. மேடையின் முதல் படியில் கால் வைத்தவர் தன் பேன்ட்டையே மிதித்துத் தடுமாறினார். மகிழினி பிடித்துக்கொண்டாள். அவர் மறுபடி கால் வைத்தார், மறுபடி மிதித்தார். ஈயக்குண்டு கனத்தில் துணி மேலே ஏற மறுத்தது.

"பெரியவரே, கையில தூக்கிப் புட்ச்சிக்கினு ஏறுங்க," என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"இரு," என்றார் நீலமேகம். பாட்டை நிறுத்தச் சொன்னார். பாட்டு நின்றது. "ராஜி, கத்திரி எட்தாந்துகீறியா?"

அவள் பையிலிருந்து எடுத்தாள். மூக்கு உடைந்த கத்தரி. மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் வியாசர்பாடிக்காரர்கள். பேன்ட் கதையை நீலமேகம் வாயால் கேட்காதவர்கள் அங்கே ஒருத்தர்கூட இல்லை. கத்தரியைப் பார்த்ததும் பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நீலமேகம் அதை வாங்கிக்கொள்வார் என்று ராஜாத்தி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீ வெட்டு," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எம் பேன்ட்ட வெட்னது என் மச்சான்னு உங்ககிட்டல்லாம் சொல்லிகினு இருந்தேன். அவரு இல்ல. வெட்னது இவதான். எங்காலு போயிருமேன்னு வெட்னா. இதோ அந்தக் காலுலதான் நின்னுகினு கீறேன். யாரு கையின்னு எல்லாரும் நல்லா பாத்துக்கங்க."

ராஜாத்தி ஜிகினாச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு படியோரம் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து துணியே தெரியவில்லை. அண்ணனின் கால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கையில் ஈயக்குண்டு தட்டுப்பட்டது.

"எவ்ளோண்ணா வெட்டட்டும்?" என்று கேட்டாள்.

அன்பரசன் ஒரு கையால் மகிழினியைப் பிடித்தபடி, மறு கையைத் தங்கச்சியின் தலையில் வைத்தார். "நடக்கிறாப்ல வெட்டு, போதும். குண்ட எட்து எனுக்குக் குடு, வலைக்கு ஆவும்."

அவள் இரண்டு காலிலும் மூன்று விரல் அளவுக்கு வெட்டினாள். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அன்பரசன் மருமகளின் கையைப் பிடித்து, ஒரு படிகூடத் தடுக்காமல் மேடை ஏறினார்.